பதினைந்தாவது ஆட்டம்

எங்கள் ஊரான ஹெல்லன்ஷைட்டின் கால்பந்துக் கழகத்தில் பதவிக்கு ஆள் பிடிக்கிற முறை ஒன்றே ஒன்றுதான். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தலைவர் எழுந்து "இதை யார் எடுத்துச் செய்யறீங்க?" என்று கேட்பார். கூடியிருக்கும் அறுபது பேரும் குனிந்து தங்கள் பீர் குவளைக்குள் எதையோ தேடுவார்கள். அந்த நேரம் பார்த்து எவன் கழிப்பறைக்குப் போயிருக்கிறானோ, அவன் தலையில் கட்டிவிடுவார்கள். எங்கள் பொருளாளர் அப்படி வந்தவர். தலைவர் பெர்ட்ராமே அப்படி வந்தவன்தான். இத்தனையும் தெரிந்திருந்தும், கெர்லிண்ட என்கிற நான், ஐம்பத்து நாலு வயசுக்காரி, போன வருஷக் கூட்டத்தில் எழுந்து போனேன் பாருங்கள், என் புத்தியை எதால் அடிப்பது!

கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தால் ஒரே கைதட்டல்.

"வாழ்த்துகள் அக்கா! இனிமே நீங்கதான் நம்ம நடுவர்!" என்றான் பெர்ட்ராம்.

"யாரு? நானா? உனக்கென்ன மூளை குழம்பிப்போச்சா?"

"ஏகமனதா முடிவாயிடுச்சு அக்கா. ஒருத்தர்கூட எதிர்க்கல."

"எதிர்க்க வேண்டிய நான் கழிப்பறையிலதானே இருந்தேன்!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்வார்கள்? முப்பது வருஷமாக மைதானத்து ஓரம் சாசேஜ் சுடுகிறவள் நான். ஒரு கையில் இடுக்கி, ஒரு கண் அடுப்பில், ஒரு கண் ஆட்டத்தில், வாய் மட்டும் முழுக்க முழுக்க நடுவர் மேல். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பேன். "ஏன்யா, கண்ணாடியை வீட்டுல வெச்சிட்டு வந்தியா, இல்ல கண்ணையே வெச்சிட்டு வந்தியா?" என்று நான் கேட்டு, ஒரு நடுவர் இடைவேளையில் சாசேஜ் வாங்க வராமலே பட்டினியாகப் போனார். ஊரே என் வாய்க்காக ஞாயிற்றுக்கிழமை வரும். அந்த வாயில் விசிலைச் செருகிவிட்டார்கள்.

அதற்குக் காரணம் என் புருஷன் ஓட்மார். முப்பத்தோரு வருஷம் எங்கள் கழகத்தின் பேரில் நடுவராக இருந்தவர் அவர். சொந்த ஊர் ஆட்டத்துக்கு ஊதக் கூடாது என்பதால் ஞாயிறுதோறும் நான் இங்கே அடுப்படியில், அவர் எங்கோ பக்கத்து மாவட்டத்தில். இலையுதிர்காலத்தில் அவருக்கு முட்டி போய்விட்டது. அறுவை சிகிச்சை முடிந்து, ஓடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விதி என்னவென்றால், ஒவ்வொரு கழகமும் ஒரு நடுவரைக் கொடுத்தாக வேண்டும். அந்த நடுவர் பருவம் முடிவதற்குள் பதினைந்து ஆட்டம் ஊதியாக வேண்டும். பதினாலு போதாது. குறைந்தால் கழகத்துக்கு மூன்று புள்ளி வெட்டு.

எங்களுக்கு மூன்று புள்ளி என்பது உயிர். நாங்கள் ஆடுவது மாவட்டத்தில் 'பி' பிரிவு, அதற்குக் கீழே 'சி', அதற்கும் கீழே வெறும் உருளைக்கிழங்கு வயல்தான். 1924-ல் பத்தொன்பது கல்குவாரித் தொழிலாளர்கள் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து தொடங்கிய கழகம் இது. முதல் ஆட்டத்தில் பதினொன்றுக்குப் பூஜ்யம் தோற்றுவிட்டு, பதிவேட்டில் 'வானிலை சரியில்லை' என்று ஒரே வரி எழுதி வைத்தார்கள். உலகப் போரின்போது மைதானத்தை உழுது கிழங்கு போட்டார்கள். போர் முடிந்ததும் ஊரில் பரணில் கிடந்த நாஜிக் கொடிகளை எடுத்து, சின்னம் இருந்த நடு வட்டத்தைக் கத்தரித்து அடுப்பில் போட்டுவிட்டு, மிச்சச் சிவப்புத் துணியில் பதினோரு சட்டை தைத்தார்கள். இன்றைக்கும் எங்கள் நிறம் சிவப்பு. இந்த நூறு வருஷத்தில் எத்தனையோ தோற்றிருக்கிறோம், ஆனால் 'சி'க்கு மட்டும் இறங்கியதே இல்லை.

இந்த வருஷம் நூற்றாண்டு. நல்ல ஆட்டக்காரர்கள் நாலு பேர், "சி-க்கு இறங்கினா நாங்க டவுன் கழகத்துக்குப் போயிடுவோம் அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அவர்கள் போனால் மிச்சம் ஒன்பது பேர். ஒன்பது பேரை வைத்துக்கொண்டு அணி நடத்த முடியுமா? நூறாவது வருஷத்தில் ஹெல்லன்ஷைட் அணியை மூடிவிட்டு, கூடாரம் போட்டு விழா நடத்துவோமா?

அதனால் போனேன். நடுவர் பயிற்சியில் என்னைத் தவிர எல்லாரும் பள்ளிப் பிள்ளைகள். ஓட்டத் தேர்வில் கடைசியாக வந்தேன், ஆனாலும் நேரத்துக்குள் வந்தேன். எழுத்துத் தேர்வில் முதலாக வந்தேன். முப்பது வருஷமாக நான் கத்தியதில் பாதிக்கு மேல் விதிப்படியே தப்பு என்பது அப்போதுதான் தெரிந்தது. அதை வீட்டில் நான் சொல்லவில்லை.

முதல் ஆட்டம் சின்னப் பெண்பிள்ளைகள் ஆட்டம். ஒரு குழந்தையின் அப்பா என்னைப் பார்த்து, "வீட்டுல போய்ச் சமைம்மா!" என்றான். நான் பேச்சு வராமல் நின்றேன். எனக்கே பேச்சு வரவில்லை! வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஓட்மார் கதவுக்கு வெளியே ஒரு கோப்பை காப்பியை வைத்துவிட்டு நொண்டிக்கொண்டே போனார்.

பிறகு பழகிவிட்டது. மழையில் ஊதினேன், பனியில் ஊதினேன், முதியோர் அணிகள் ஆட்டத்தில் மூச்சு வாங்குகிறவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து ஊதினேன். மே மாதக் கடைசியில் பதினாலு ஆட்டம் ஆகியிருந்தது. பதினைந்தாவதுக்குப் போய் நின்றேன். வந்திருக்க வேண்டிய அணிக்கு ஆள் சேரவில்லை, ஆட்டம் ரத்து. ரத்தான ஆட்டம் கணக்கில் வராதாம்! "நான்தான் வந்து நிக்கிறேனே, மனுஷி கண்ணுக்குத் தெரியலையா?" என்று போனில் கத்திப் பார்த்தேன். நடுவர்களை அனுப்புகிறவர் பணிவாக வருத்தம் தெரிவித்தார். மிச்சமிருந்தது ஒரே ஒரு ஞாயிறு. அன்றைக்கு எனக்கு ஆட்டமே ஒதுக்கவில்லை.

அந்தக் கடைசி ஞாயிறு எப்படி விடிந்தது என்று கேளுங்கள். புள்ளிப் பட்டியலில் கடைசி பக்கத்து ஊர் டோர்ன்பாக், அவர்களுக்கு ஒரு படி மேலே நாங்கள், வித்தியாசம் இரண்டே புள்ளி. ஜெயித்தால் மூன்று புள்ளி, சமன் என்றால் ஒன்று. கடைசியாக வருகிறவன் ஒருவன்தான் கீழே இறங்குவான். டோர்ன்பாக் ஜெயித்து நாங்கள் தோற்றால் நாங்கள் காலி. நாங்கள் தோற்காமல் இருந்தால் போதும், கோல் கணக்கில் நாங்கள்தான் மேலே. ஆனால் எங்களோடு மோத வருகிறவர்கள் சாம்பியன்கள். அந்தப் பருவத்தில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத, சமன்கூடச் செய்யாத அணி. முதல் சுற்றில் எங்களுக்கு ஒன்பது கோல் போட்டவர்கள். இதற்கு மேல் அந்த மூன்று புள்ளி வெட்டு வேறு.

"சாசேஜை நான் பாத்துக்கறேன். நீங்க டோர்ன்பாக் போய் அங்க ஆட்டம் எப்படிப் போகுதுன்னு நமக்கு போன்ல சொல்லுங்க" என்றான் பெர்ட்ராம். ஒற்றுவேலை. சரி என்று கிளம்பினேன். நடுவர் பை வண்டியிலேயேதான் இருந்தது. அதை இறக்கக் கூடாது என்பது ஓட்மாரின் கட்டளை.

டோர்ன்பாக் மைதானத்தில் கேக் மேசைக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் ஒதுங்கி நின்றேன். ஆட்டம் தொடங்க இருபது நிமிடம். அவர்கள் தலைவர் ஹார்ட்விக், குரல் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும் மனிதர், ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார்.

"மதிப்பிற்குரிய ரசிகர்களே! வர வேண்டிய நடுவருக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சாம். வண்டியை விட்டே இறங்க முடியலையாம். இங்க நடுவர் அட்டை வெச்சிருக்கிறவங்க யாராவது இருக்கீங்களா?"

நான் கையைத் தூக்குவதற்குள் கேக் வெட்டிக்கொண்டிருந்த பெண் கத்தியாலேயே என்னைக் காட்டினாள். "இதோ இருக்காளே, ஹெல்லன்ஷைட் சாசேஜ்காரி!"

ஹார்ட்விக் என்னைப் பார்த்தார். ஒலிபெருக்கியை அணைக்க மறந்துவிட்டார். "ஐயோ, இந்த வாயாடியா?" என்பது மைதானம் முழுக்க ஒலித்தது.

"வாயாடிதான். அட்டையும் இருக்கு" என்றேன் நான்.

"ஏம்மா, எங்களைப் பாத்தா கேனப்பசங்களாத் தெரியுதா? நாங்க ஜெயிச்சா உங்க ஊரு இறங்கணும். நீ ஊதி நாங்க ஜெயிக்கறதா?"

"நான் ஒண்ணும் கெஞ்சல. வேற ஆள் இருந்தா கூட்டிட்டு வாங்க."

வேறு ஆள் இல்லை. டோர்ன்பாக்கோடு ஆட வந்திருந்த எதிரணியின் தலைவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "இவங்களை விட்டா நடுவர் இல்ல. நடுவர் இல்லைன்னா நாங்க கிளம்பறோம், வீட்டுல அடுப்புல கறி வேகுது" என்றான். ஆட்டம் நடக்காவிட்டால் டோர்ன்பாக்குக்கும் நஷ்டம். ஹார்ட்விக் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

"ஒண்ணு மட்டும் சொல்றேன். எண்ணூறு கண்ணு உன் மேல இருக்கு."

"நானூறு பேரா வந்திருக்காங்க? இருநூறுகூட இல்ல. முதல்ல எண்ணக் கத்துக்கங்க."

உடை மாற்றும் அறை என்பது சுண்ணாம்பு மூட்டையும் துடைப்பமும் வைக்கிற இடம். அங்கிருந்து பெர்ட்ராமுக்கு போன் போட்டேன்.

"ஆட்டம் கிடைச்சிடுச்சா? பதினஞ்சாவதா? அக்கா, நீங்க தெய்வம்! மூணு புள்ளி தப்பிச்சுது!" சட்டென்று குரலை இறக்கினான். "அக்கா… யார் ஆட்டம்னு புரியுதில்ல? டோர்ன்பாக் மட்டும் ஜெயிக்காம இருந்தா… நான் ஒண்ணும் சொல்லல. நீங்களே பெரியவங்க."

"போனை வை" என்றேன்.

அவன் சொல்லாமல் சொன்னதை நான் நினைக்காமல் இல்லை. பொய் சொல்வானேன்? சட்டைப் பொத்தானைப் போடும்போது நினைத்தேன், ஷூ நாடாவைக் கட்டும்போது நினைத்தேன். ஒரே ஒரு முறை விசிலைத் தாமதமாக ஊதினால் போதும், யாருக்குத் தெரியப்போகிறது? நூறு வருஷம். கொடித் துணியில் தைத்த சட்டை. விசில் கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன்.

விசில் ஊதினேன். ஊதியதும் ஒரு வேடிக்கை, பந்தைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

முதல் பாதியில் எதிரணி ஒரு கோல் போட்டது. சரியான கோல், என் மனசு உள்ளுக்குள் குத்தாட்டம் போட்டது. அந்தக் கேக்குக்காரி கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏய், சிவப்புச் சட்டையை உள்ள போட்டுட்டு வந்திருக்கியாடி?" என்று கத்தினாள். அடிப்பாவி, என் வரிகளையே எனக்குப் பாடினாள்! இரண்டாம் பாதியில் டோர்ன்பாக் ஒரு கோல் திருப்பியது. அதுவும் சரியான கோல். ஒன்றுக்கு ஒன்று. நிமிடங்கள் போய்க்கொண்டே இருந்தன. எழுபது. எண்பது. இப்படியே முடிந்தால் நாங்கள் பிழைத்தோம். என் வாழ்க்கையில் கடிகாரத்தை அவ்வளவு ஆசையாக நான் பார்த்ததில்லை.

எண்பத்தேழாவது நிமிடம் டோர்ன்பாக்கின் நெட்டைக் கொக்கு ஒருவன் பந்தோடு பெனால்டிப் பெட்டிக்குள் நுழைந்தான். பின்னால் ஓடிவந்த தடுப்பாட்டக்காரன் காலை நீட்டினான். கால் காலில் பட்டது, பந்தில் படவில்லை. எனக்கும் அவர்களுக்கும் பத்தடிதான் தூரம். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. நான் யோசிப்பதற்குள் விசில் ஊதியாகிவிட்டது, கை பெனால்டிப் புள்ளியைக் காட்டியாகிவிட்டது.

டோர்ன்பாக் ஆட்களுக்கே நம்ப முடியவில்லை. ஹார்ட்விக் வாயைத் திறந்தபடி நின்றார். எதிரணித் தலைவன் ஓடி வந்தான். "அம்மா, நீங்க உங்க ஊரையே கவுத்துட்டீங்க, தெரியுமில்ல?"

"தெரியும். ஒன்பது மீட்டர் தள்ளி நில்லு."

நெட்டைக் கொக்கு உதைத்தான். கோல்கீப்பர் இடப்பக்கம் பாய்ந்தான். பிடித்துவிட்டான்! பந்து அவன் நெஞ்சுக்கடியில். எனக்குள்ளே ஏதோ ஒன்று துள்ளிக் குதித்து, 'பிழைச்சோம்டி கெர்லிண்ட!' என்று கூவியது.

ஆனால் நான் பார்த்துவிட்டேனே! உதைக்கும் முன்பே கோல்கீப்பரின் இரண்டு காலும் கோல் கோட்டை விட்டு முன்னால் வந்துவிட்டன. முழுசாக ஒரு அடி. உதைக்கும்வரை ஒரு காலாவது கோட்டில் இருக்க வேண்டும் என்பது விதி. வேறு யாரும் பார்க்கவில்லை. டோர்ன்பாக்காரர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள், ஒருத்தன்கூட முறையிடவில்லை. நான் சும்மா இருந்தாலே போதும். ஒன்றும் செய்ய வேண்டாம், வெறுமனே சும்மா இருந்தால் போதும்.

கடவுளே, ஒருத்திக்கு ஒரே நாளில் இப்படி இரண்டு முறையா சோதனை வைப்பாய்?

ஊதினேன். "மறுபடியும் உதைக்கணும். கோல்கீப்பர் கோட்டை விட்டுட்டான்."

கோல்கீப்பர் என்னிடம் வந்தான். சண்டை போடப்போகிறான் என்று நினைத்தேன். "ஆமாக்கா, விட்டுட்டேன்" என்று முணுமுணுத்துவிட்டுப் போய் நின்றான்.

இரண்டாவது முறை கோல். இரண்டுக்கு ஒன்று. நடுவட்டத்துக்குத் திரும்பி ஓடும்போது கண் மறைத்தது. வியர்வை என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அழுதேன் என்பதுதான் நிஜம். நூறு வருஷத்தை என் மூச்சாலேயே ஊதி அணைத்துவிட்டேன்.

ஆட்டத்தை முடித்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் துடைப்ப அறைக்குள் போய் சுண்ணாம்பு மூட்டை மேல் உட்கார்ந்தேன். வெளியே டோர்ன்பாக் ஆடிப்பாடிக்கொண்டிருந்தது. கேக்குக்காரி கதவைத் திறந்து, ஒரு வார்த்தை பேசாமல், பெரிய செர்ரி கேக் துண்டொன்றை என் மடியில் வைத்துவிட்டு ஓடினாள். போனை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அப்போது வெளியே பாட்டு பொசுக்கென்று நின்றது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் "ஐயோ" என்றார்கள்.

ஹார்ட்விக் உள்ளே வந்தார். கையில் இரண்டு பீர்.

"உங்க ஊரு ஆட்டம் முடிஞ்சிடுச்சு" என்றார்.

"எத்தனை வாங்கினோம்? ஒன்பதா, பத்தா?"

"நாலுக்கு நாலு. சமன். நீங்க மேல, நாங்க கீழ."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். குதிப்பதா, துக்கம் விசாரிப்பதா என்றே தெரியவில்லை. வாயில் கேக் வேறு.

"எனக்கு… மன்னிச்சுக்கங்க ஹார்ட்விக்…"

"நீ எதுக்கும்மா மன்னிப்புக் கேக்கற?" ஒரு பீரை என் கையில் திணித்தார். "நாங்க பதினோரு தடவை சி-க்கு இறங்கியிருக்கோம், பத்து தடவை ஏறியிருக்கோம். வழி எங்களுக்கு நல்லாத் தெரியும். ஆனா இன்னிக்கு நாங்க ஜெயிச்சது ஜெயிச்சதுதான். அதை நீதான் ஊதினே." அப்புறம் வாசல் பக்கம் திரும்பி, எட்டு ஊருக்கும் கேட்கிற குரலில், "ஏண்டா, பீப்பாயைத் திறந்தாச்சில்ல? அப்புறம் என்ன மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு? ஊத்துங்கடா!" என்றார். பாட்டு மறுபடியும் தொடங்கியது. முன்னைவிடச் சத்தமாக.

அப்புறம்தான் ஓட்மாருக்கு போன் போட்டேன். பின்னணியில் எங்கள் ஊரே ஊளையிட்டுக்கொண்டிருந்தது.

"நாலு கோலா? நம்ம பசங்களா? என்ன மருந்து குடுத்தீங்க?" என்றேன்.

"மருந்து எல்லாம் இல்ல. சாம்பியனுக்கு மரியாதை செய்யணும்ல? ஆட்டத்துக்கு முன்னால பூங்கொத்தும் ஒரு பீப்பாய் பீரும் குடுத்தோம். ஆட்டம் முடிஞ்சு குடிப்பாங்கன்னு நெனச்சோம். அவங்க ரெண்டு மணி நேரம் முன்னாடியே வந்துட்டாங்க. பீப்பாயைத் திறந்ததும் பாதியில வைக்க அவங்களுக்கு மனசு வரல." ஓட்மார் சிரித்தார். அவர் சிரித்து நாளாகியிருந்தது. பிறகு சிரிப்பு அடங்கியது. "கெர்லிண்ட, ரெண்டாவது தடவை உதைக்க வெச்சியாமே. கோட்டை விட்டானா?"

"ரெண்டு காலும். ஒரு அடி முன்னால."

"யாராவது கேட்டாங்களா?"

"ஒருத்தரும் கேக்கல."

"சரியாத்தான் ஊதியிருக்கே" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் உடைந்துபோனேன். சுண்ணாம்பு மூட்டை மேல் உட்கார்ந்து, மடியில் கேக்கோடு, விக்கி விக்கி அழுதேன்.

"ஓட்மார், முப்பத்தோரு வருஷம் நீ ஞாயிறுதோறும் வீட்டுக்கு வருவே. ஒரு நாள்கூட நான் கேட்டதில்லையே, ஆட்டம் எப்படிப் போச்சுன்னு."

"நீ நம்ம மைதானத்து நடுவரைத் திட்டின கதையைச் சொல்லிட்டு இருப்பே. நடுவுல எங்க கேக்கறது?"

"இப்போ கேக்கறேன். எப்படிப் போச்சு?"

"எது?"

"எல்லாமே. முதல் ஆட்டத்துல இருந்து."

போனில் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. முட்டி அறுத்த அன்றைக்குக்கூட அழாத மனிதர்.

"அப்போ சீக்கிரம் கிளம்பி வா" என்றார். "ஒரு ராத்திரி பத்தாது."